சொல்மணி

பொன்னிழை வளாகத்தின் புதிய உணர்வாயில் நேயாவுக்குப் பச்சை காட்டியது. அவளுடைய அம்மா வெண்பாவுக்கு மஞ்சள் காட்டியது.

அன்று திறப்பு விழா. தூண்கள் இரண்டிலும் மாவிலைத் தோரணம் கட்டி, வாயிலைக் கடந்து வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அமராவதி. ஆறு வயது நேயா லட்டை வாங்கி வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பின்னால் வந்த வெண்பா தூண்களுக்கிடையே கால் வைத்ததும் தலைக்கு மேலிருந்த விளக்கு நிறம் மாறியது. கண்ணாடிக் கதவு அசையவில்லை.

"தொற்று மருந்துக் குறிப்பு உள்ளது. பக்கவாட்டு வழியைப் பயன்படுத்தவும்" என்றது ஒரு குரல், கல்யாண மண்டபத்தில் வரவேற்பது போல.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மெசின் புதுசில்லீங்களா கண்ணு, அப்புடித்தான் இருக்கும்" என்றார் அமராவதி. லட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

குப்பை வண்டி போகும் பக்கவாட்டு வழியாக வெண்பா உள்ளே போனாள். வீட்டுக்குப் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எத்தனை பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

மாத்திரைகளுக்குள் சொல்மணி வைக்கும் வழக்கம் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. கசகசா அளவுதான் இருக்கும். வயிற்றுக்குள் போய் அமிலம் பட்டதும் விழித்துக்கொள்ளும். 'இன்ன மாத்திரை உள்ளே வந்துவிட்டது' என்று மெல்லிய அலையில் சொல்லத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் சொல்லிவிட்டு அடங்கி, உடம்பை விட்டு வெளியேறிவிடும். நல்லதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். காசநோய்க்காரர்களும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். யார் விட்டார்கள் என்று தெரிந்தால் கூப்பிட்டுப் பேசலாம், காரணம் கேட்கலாம், உதவலாம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கருவி சொல்மணியின் பேச்சைக் கேட்டு டாக்டரிடம் சொன்னது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம்.

பிறகு மூச்சுக் காய்ச்சல் வந்து நாட்டையே உலுக்கிவிட்டுப் போனது. காய்ச்சல் போனபின்னும் பயம் போகவில்லை. யாரோ ஒரு வியாபாரி ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கருவியைக் குடியிருப்பு வாசலுக்குக் கொண்டுவந்தான். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று சட்டம் குறுக்கே வந்தது. உணர்வாயில் எந்த நோயின் பெயரையும் சொல்லக் கூடாது, 'தொற்று மருந்து' என்று மட்டும் சொல்லலாம் என்று முடிவானது. பெயர் சொல்லாத நோய்க்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை.

வெண்பா எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். அவளைச் சுமந்தபோது அவளுடைய அம்மாவுக்கே அது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து குழந்தைக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். முதலில் கசப்பான திரவம். பிறகு மாத்திரைகள். கடைசியில் பல மருந்துகளும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கூட்டு மாத்திரை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அதைப் போட்டுக்கொள்வது அவளுக்குப் பல் தேய்ப்பது போல. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் வேறு மருந்து தொடக் கூடாது, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கும் முன்பே அவளுக்குப் பாடம்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர் ஃபரீதா ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "ரத்தத்துல வைரஸைக் கண்டுபிடிக்கவே முடியலை, வெண்பா. கண்டுபிடிக்க முடியாத வைரஸ் கட்டிக்கறவருக்குத் தொத்தாது." அந்தச் சொல்லை நம்பித்தான் சரண் அவளைக் கட்டினான். நேயாவும் நோயில்லாமல் பிறந்தாள்.

இருவருக்கும் ஈரோட்டுக்கு வெளியே இருந்த நெசவுப் பூங்காவில் வேலை. அவன் துணி வடிவமைப்பாளன். அவள் சாயச் சோதனைக்கூடத்தில். வீடு அவன் வேலையோடு வந்தது.

உணர்வாயில் வந்து ஒரு மாதத்துக்குள் வெண்பாவின் வாழ்க்கை சுருங்கிவிட்டது. லிஃப்டில் அவள் ஏறினால் மற்றவர்கள் போனைத் தேடுவதுபோல் வெளியே நின்றுவிடுவார்கள். நேயாவோடு விளையாடிய பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் பாட்டு வகுப்பும் நீச்சல் வகுப்பும் வந்துவிட்டன. ஈரோட்டுக்காரிக்கு மஞ்சள் என்றால் மங்கலம். பிறந்ததிலிருந்து மஞ்சள் மணக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த நிறத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

ஒருநாள் சாயங்காலம் அமராவதி வீட்டுக்கே வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. இந்த வருசம் மாசிலா வளாகம்னு பட்டம் குடுக்கறாங்க. ஒரு மஞ்சகூட இருக்கக் கூடாதாமா. மத்தவங்கெல்லாம் மாத்திரை முடியற வரைக்கும் வெளிய சொந்தக்காரங்க ஊட்டுல இருந்துட்டு வர்றமுங்கறாங்க. உங்குளுக்கு எப்ப முடியுமுங்க?"

"முடியாதுங்க்கா."

"முடியாதுன்னா?"

"இது முடியற மாத்திரை இல்லீங்க. கடைசி வரைக்கும் சாப்பிடோணும்."

அமராவதிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நீங்களே ஒரு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

வெண்பா டாக்டர் ஃபரீதாவிடம் போய், சொல்மணி இல்லாத மாத்திரை கிடைக்குமா என்று கேட்டாள்.

"யாரும் செய்யறதில்லை. ஆலையிலயே உள்ள வச்சுத்தான் அழுத்தறாங்க" என்றார் ஃபரீதா. "ஊசியிலயும் அதுக்குன்னு வேற மணி வச்சிருக்காங்க. இப்போ நீங்க என்ன யோசிக்கறீங்கன்னு எனக்குத் தெரியுது. வேண்டாம். நிறுத்தினா அந்தக் கதவு திறக்கும். கூடவே உள்ள அடங்கிக் கிடக்கறதும் எழுந்து வரும். சில வாரம் போதும். அப்புறம் இதே மாத்திரை கேக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அந்த வாயிலு வைரஸைப் பாக்கறதே இல்லீங்களா டாக்டர்?"

"இல்லை. மருந்தை மட்டும்தான் பாக்குது. நோய் இருந்து மருந்து சாப்பிடாதவன் பச்சை. மருந்து சாப்பிட்டு யாருக்கும் ஆபத்தில்லாம இருக்கறவங்க மஞ்சள்." ஃபரீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதைச் சொல்லாத கூட்டம் இல்லை. போகாத அலுவலகம் இல்லை."

சரண் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் வெண்பா எதிர்த்துப் பேசியிருப்பாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லீருவாங்க போல" என்றான் அவன், நேயா இல்லாத நேரம் பார்த்து. "வெளிய போனா எந்த வளாகத்துல சேத்துக்குவாங்க? இப்பெல்லாம் பள்ளிக்கூடத்துலயும் இதே கதவுதான். பட்டம் வாங்கற வரைக்கும்... கொஞ்ச நாளைக்கு..."

"கொஞ்ச நாளைக்கு என்ன?"

அவன் சொல்லவில்லை. அவளும் அவனைச் சொல்லவைக்கவில்லை. அன்று சாப்பாடு முடிந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்தாள், திறக்காமலே திரும்ப வைத்தாள். அடுத்த அறையில் சரண் டப்பாவின் சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. ஏன் என்று கேட்க அவன் எழுந்து வரவும் இல்லை.

நான்காம் நாள் உணர்வாயில் பச்சையாக எரிந்தது. கதவு விலகி வழிவிட்டது. அமராவதி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து பணியாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேயாவைத் தேடி மூன்று பிள்ளைகள் வந்தார்கள்.

பணியாரம் வந்த அன்று ராத்திரியே அதைத் தின்றுவிட்டு வெண்பா தன் தலையணையை எடுத்துக்கொண்டு நேயாவின் அறைக்குப் போனாள்.

"என்ன இது?" என்று கேட்டான் சரண்.

"இத்தனை வருசமா என்னால உனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இன்னியிலிருந்து இருக்கு. கதவு பச்சையா எரிஞ்சுதில்ல, அதுக்கு அர்த்தம் இதுதான்."

பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் இருவருக்கும் நடுவே வராத நோய் அன்றுதான் நடுவில் வந்து படுத்தது.

மழைக்காலம் முடிந்ததும் பட்டம் கிடைத்தது. சமுதாயக் கூடத்தில் விருந்து நடந்தது. குளிர் உள்ளே வராமல் இருக்க எல்லா ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். மேடையில் அமராவதி பேசிக்கொண்டிருக்க, வெண்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய கணவர் சென்னியப்பன் துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டே இருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தளர்ந்து கிடந்தது.

"எத்தனை நாளாங்க இந்த இருமல்?" என்று கேட்டாள் வெண்பா.

"அது கெடக்குதுங்க" என்றார் அவர். பிறகு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "சளியில கிருமி இருக்குதுன்னு ஆறு மாசத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மாசம் தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் இந்த வாயிலு வந்துருச்சு. செயலாளர் ஊட்டுக்காரனே மஞ்சளா நின்னா நல்லாருக்குமுங்களா? அமராவதி நிறுத்தீருன்னுட்டா. நானும் நிறுத்திப்புட்டேன்."

வெண்பாவின் ரத்தத்தில் இருப்பது இருமினாலோ பக்கத்தில் உட்கார்ந்தாலோ பரவாது. இவருடைய நெஞ்சில் இருக்கும் காசநோய் அப்படியல்ல. சாத்திக் கிடக்கும் இந்தக் கூடத்தின் காற்றிலேயே பரவும். பாதியில் மருந்தை விட்டதால் மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமியாகவும் ஆகியிருக்கும். அவருக்கு முன்வரிசையில் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நேயாவும் அங்கேதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சரணிடம் சொன்னாள். "இதை யார்கிட்டயாவது சொல்லியே ஆகோணும்."

"சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. நீ எதை நிறுத்துனேன்னு கேப்பாங்க. வேண்டாம் வெண்பா. அந்தக் குடும்பம் பாத்துக்கும்."

அவள் சொல்லவில்லை. பிற்பாடு அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

மாசி பிறக்கும் முன்னே வெண்பாவுக்கு மாலைக் காய்ச்சல் தொடங்கியது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. இருமல் வந்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி சரிந்த உடம்பைத்தான் காசநோய் முதலில் தேடிவரும். ஃபரீதா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"முதல்ல காசநோய்க்கு. வழக்கமான மாத்திரை இந்தக் கிருமிகிட்ட எடுபடாது, வேற தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு உங்க பழைய மருந்தையும் சேத்துக்கலாம். அதுலயும் ஒண்ணை மாத்தணும், வைரஸ் பழகிடுச்சு. ரெண்டு நோய் மருந்தும் ஒண்ணோட ஒண்ணு மோதாம நான் நேரம் குறிச்சுத் தர்றேன். இனிமே எவன் சொன்னாலும் நிறுத்தக் கூடாது."

"நிறுத்த மாட்டேன் டாக்டர்."

கைநிறைய மாத்திரைகள். அத்தனையிலும் சொல்மணி. இந்த முறை பக்கவாட்டு வழியும் அவளுக்குத் திறக்கவில்லை. பட்டம் வாங்கியபின் அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சரண் இரண்டு பெட்டிகளை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். நேயாவின் பள்ளிக்கூடம் உள்ளே இருந்தது. அதனால் நேயாவும் உள்ளேயே இருந்தாள்.

நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம், மூடிப்போன சாயப்பட்டறைகளுக்கு நடுவே, வாயில்களால் வெளியே தள்ளப்பட்டவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதை மஞ்சள் வீதி என்றார்கள். அங்கே பயப்படாமல் டீக்கடையில் உட்காரலாம். எல்லோரும் நேரத்துக்கு மாத்திரை போட்டார்கள். மறந்தவர்களைப் பக்கத்து வீட்டார் கதவு தட்டிக் கேட்டார்கள். சில வாரங்களில் வெண்பாவின் சளியில் கிருமி இல்லை. ஆறு மாதத்தில் ரத்தத்திலும் வைரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கும் அவளால் ஆபத்தில்லை என்று ஃபரீதா சொன்னார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வீட்டில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சரண் நேயாவைச் சாலையோரப் பழச்சாறுக் கடைக்குக் கூட்டி வருவான். அப்படி ஒரு ஞாயிறு, குழந்தை பாதிச் சாறை அப்படியே வைத்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து இருமினாள். முதுகைத் தடவிய வெண்பாவின் கைக்கு எலும்பு தட்டுப்பட்டது.

"எத்தனை நாளா?"

"பனிதான்" என்றான் சரண். "கஷாயம் குடுத்துட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

அவன் சாலையைப் பார்த்தான். "போனா மாத்திரை எழுதுவாங்க. மாத்திரை குடுத்தா மஞ்சளாயிடும். பரீட்சை வேற வருது. இந்த ஒரு மாசம் போகட்டும்னு..."

"கொஞ்ச நாளைக்குன்னு சொல்றியா?"

சரணின் முகம் செத்துவிட்டது. வெண்பா அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாலையில் வந்த முதல் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். அவன் பின்னாலேயே ஓடிவந்து, வண்டி நகரும்போது தொற்றி ஏறிக்கொண்டான்.

நேயாவுக்கும் அதே முரட்டுக் கிருமிதான். சென்னியப்பனிடமிருந்து வந்ததா, ஒரே அறையில் படுத்திருந்த அந்த மாதங்களில் தன்னிடமிருந்தே வந்ததா என்று வெண்பா டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

உள்ளேயே வசிக்கும் குழந்தைக்கு நோயைக் கண்டுபிடித்ததால் சுகாதாரத் துறையால் வளாகத்துக்குள் போக முடிந்தது. வீடுவீடாகச் சளி எடுத்தார்கள். அந்த வருடம் முழுக்க ஒரு மஞ்சள்கூட எரியாத வளாகத்தில், நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் காசநோய் இருந்தது. பாதிப் பேர் இருமலை மறைத்து ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள். மீதிப் பேர் போய், வாங்கிய மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்கள். சென்னியப்பன் பரிசோதனை முடிவு வருவதற்குள் இறந்துவிட்டார். மஞ்சள் வீதியிலும் பரிசோதித்தார்கள். அங்கே புதிதாக ஒருவருக்கும் இல்லை.

வெண்பா நினைத்தாள்: இனி அந்தக் கதவைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

பிடுங்கவில்லை. கணவனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அமராவதி சங்கத்தைக் கூட்டினார். இத்தனை குடும்பமும் மஞ்சளானால் வளாகமே நடுத்தெருவுக்கு வந்துவிடும், வீட்டை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் பயம். மந்திரி வரைக்கும் போய்ப் பேசினார்கள். மருந்து ஆலை ஒன்று ஒத்துக்கொண்டது. சொல்மணி இல்லாத காசநோய் மாத்திரைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மௌன மாத்திரை என்று அதற்குப் பெயர். வளாகத்தார் அதை விழுங்கிவிட்டுப் பச்சையாகவே போனார்கள், வந்தார்கள். நேயாவுக்கும் அதுதான். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள்.

வெண்பா ஃபரீதாவிடம் போனாள்.

"அந்த மாதிரி எனக்கும் தருவாங்களா டாக்டர்? எம்பட மாத்திரையிலயும் மணி இல்லாம?"

"கேட்டுப் பாத்தேன்" என்றார் ஃபரீதா. "காசநோய் சீக்கிரம் முடிஞ்சிடும், உங்களுது வாழ்நாள் முழுக்க, அதனால கண்காணிப்பு அவசியம்கறாங்க. அதுவும் நீங்க..." சொல்லத் தயங்கினார். "நீங்க ஒரு தடவை நிறுத்தினவங்க. பதிவுல இருக்கு. நிறுத்தினவங்களுக்கு மௌன மாத்திரை கிடையாதாம்."

"அங்க உள்ள இருக்கறவங்கெல்லாம் நிறுத்தலீங்களா?"

"நிறுத்தினாங்க. சங்கம் இருக்கு அவங்களுக்கு." ஃபரீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க பாதுகாப்புக்காகத்தான்னு சொல்றாங்க."

அடுத்த ஞாயிறு நேயா மஞ்சள் வீதி அறைக்கு வந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தன் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினாள். வெண்பா தன்னுடையதை எடுத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அம்மா, நானும் மாத்திரை சாப்புடறேன், நீயும் சாப்புடறே. என்னை மட்டும் ஏன் உள்ள விடுது?"

"உன் மாத்திரை பேசாது கண்ணு."

"உன்னுது என்ன பேசும்?"

"நான் தவறாம மாத்திரை போட்டேன்னு சொல்லும்."

நேயா இரண்டு மாத்திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது நல்லதுதானே?"

வெளியே சரண் ஹாரன் அடித்தான். குழந்தை எழுந்தாள், மாத்திரையை எடுத்துத் திரும்பப் பைக்குள் போடப் போனாள். வெண்பா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"முழுங்கிட்டுப் போ" என்றாள். "எவன் உள்ள விட்டாலும் விடாட்டியும், இதை மட்டும் நிறுத்தாத."